ஆடியோ புத்தகமா, அச்சுப் புத்தகமா? வாங்கும் முன் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: ஒரு பெரிய நாவலை ஆடியோ புத்தகமாகக் கேட்டு முடித்தேன். அதைப் ‘படித்தேன்’ என்று சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். “கேட்டேன் என்று சொல்” என்கிறார். கேட்பதும் படிப்பதும் ஒன்றா, இல்லையா? ஆடியோவுக்குக் கொடுத்த பணம் வீண்தானா?

பதில்: கதை மனதில் நிற்கிறதா? பாத்திரங்களை அடையாளம் தெரிகிறதா? அப்படியானால் படித்தேன் என்றே சொல்லுங்கள். அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2019ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே ஆட்களுக்கு ஒரே கதைகளைக் கேட்கவும் கொடுத்தார்கள், படிக்கவும் கொடுத்தார்கள். அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சொல்லின் பொருளைக் கையாளும் பகுதிகள் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்தன. வழி காதா கண்ணா என்பதை மூளை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் உங்கள் கணவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2022ல், அதுவரை நடந்த 46 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் புரிதலில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு இடங்களில் மட்டும் படித்தவர்கள் ஒரு படி முந்தினார்கள். ஒன்று, அவரவர் வேகத்தில் படிக்க விட்டபோது. இன்னொன்று, நேரடியாகச் சொல்லாத விஷயத்தை ஊகித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தபோது.

ஏன் அப்படி? படிக்கும்போது நம் கண் நேராக ஓடுவதில்லை. வரியில் தாவித் தாவித்தான் போகிறது. அந்தத் தாவல்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பின்னோக்கிய தாவல்கள். ‘யார் சொன்னது இது?’ என்று கண் தானாகவே இரண்டு வரி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. காதுக்கு அந்த வசதி இல்லை. குரல் போய்க்கொண்டே இருக்கும். 15 விநாடி பின்னால் போகும் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் ஈரக் கையோடு எத்தனை தடவை அதை அழுத்துவீர்கள்?

கவனம் சிதறுவதும் கேட்கும்போதுதான் அதிகம். 2013ல் வந்த ஓர் ஆய்வில், வாய்விட்டுப் படித்தவர்களின் மனம்தான் குறைவாக அலைந்தது. மௌனமாகப் படித்தவர்கள் நடுவில். சும்மா உட்கார்ந்து கேட்டவர்களின் மனம் எல்லாரையும்விட அதிகமாக ஊர் சுற்றியது.

அதனால் எது உசத்தி என்ற சண்டையை நான் போடுவதில்லை. வாங்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன்: இந்தப் புத்தகத்தில் நான் திரும்பித் திரும்பிப் போக வேண்டியிருக்குமா? முன்னோக்கி இழுத்துக்கொண்டு போகும் புத்தகம் என்றால் ஆடியோ போதும். துப்பறியும் கதை, தன்வரலாறு, பயணக் கதை, நகைச்சுவை எல்லாம் இந்த வகை. எழுதியவரே தன் வாழ்க்கையைத் தன் குரலில் வாசித்திருந்தால் அதற்கு ஈடே இல்லை. நான்கு தலைமுறை, நாற்பது பெயர்கள், வரைபடம், அட்டவணை, அடிக்குறிப்பு என்று போகும் புத்தகம் என்றால் அச்சில் வாங்குங்கள். கவிதையை மட்டும் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அதற்குக் குரலும் வேண்டும், பக்கமும் வேண்டும்.

கேள்வி: மாதச் சந்தா கட்டுவது நல்லதா, வேண்டிய புத்தகத்தை மட்டும் தனித்தனியாக வாங்குவது நல்லதா? சந்தா மலிவு என்கிறார்கள்.

பதில்: சந்தா மலிவா என்பது சந்தாவில் இல்லை, உங்கள் காதில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஆங்கில ஆடியோ புத்தகத்தில் வாசிப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் வாசிப்பார். மணிக்கு 9,000. ஆக, 90,000 சொல் கொண்ட ஒரு நடுத்தர நாவல் 10 மணி நேரம் ஓடும். அதே நாவலைப் பழகிய வாசகர் மௌனமாகப் படித்தால் ஆறு, ஆறரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளமாக வருவதால் சொல் கணக்கு உதவாது. விவரக் குறிப்பில் போட்டிருக்கும் மணி நேரத்தைப் பாருங்கள்.

இப்போது உங்கள் நாளைப் பாருங்கள். தினமும் அரை மணி நேரம் கேட்டால் மாதத்துக்கு 15 மணி நேரம், அதாவது ஒன்றரை நாவல். நடைப்பயிற்சியின்போது மட்டும், அதுவும் வாரத்தில் மூன்று நாள் மட்டும் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு நாவலே பெரிய விஷயம். அப்படிப்பட்டவருக்கு ‘எல்லையில்லாமல் கேளுங்கள்’ என்ற சந்தா எதற்கு? சந்தா வாங்கும் முன் ஒரு வாரம் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். வார முடிவில் எவ்வளவு நேரம் கேட்டிருக்கிறீர்கள் என்று செயலியே காட்டும். அந்த எண்ணை வைத்து முடிவெடுங்கள். ஆசையை வைத்து எடுத்தால் சந்தா ஓடிக்கொண்டிருக்கும், புத்தகம் ஓடாது.

சந்தாவில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று கிரெடிட் முறை. மாதம் ஒரு கிரெடிட் தருவார்கள், அதை வைத்து ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். கிரெடிட்டுக்கு 3 மணி நேரப் புத்தகமும் ஒன்றுதான், 40 மணி நேரப் புத்தகமும் ஒன்றுதான். அதனால் நீளமான, விலை கூடிய புத்தகங்களுக்குக் கிரெடிட்டை வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் புத்தகங்களைத் தள்ளுபடி வரும்போது காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, பட்டியலில் உள்ள எதையும் கேட்கலாம் என்ற முறை. இதில் புத்தகம் உங்களிடம் தங்காது, சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். சில சந்தாக்களில் இரண்டும் கலந்திருக்கும். எது கிரெடிட்டில் எடுத்தது, எது பட்டியலில் இருந்து வந்தது என்பது நூலகப் பக்கத்தில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சந்தாவை நிறுத்திய பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், நிறுத்துவதைப் பற்றி. ஃபோனில் இருந்து செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. கணக்குப் பக்கத்துக்கோ, பணம் கட்டிய ஆப் ஸ்டோர், கூகுள் பிளே போன்ற இடத்துக்கோ போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். இலவச சோதனைக் காலத்தில் சேரும் அன்றே, அது முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக ஃபோனில் அலாரம் வைத்துவிடுங்கள். ரத்து செய்யும் முன் மிச்சமிருக்கும் கிரெடிட்டைச் செலவழித்துவிடுங்கள். ரத்தானதும் கிரெடிட் காலியாகிவிடும் என்று பல நிறுவனங்களின் விதிகளில் சின்ன எழுத்தில் இருக்கும். ரத்து செய்யப் போனால் ‘பாதி விலைக்குத் தருகிறோம், இருங்கள்’ என்று திரையில் வருவதும் உண்டு. உங்கள் கணக்குக்கு அது ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

காசே கொடுக்காமலும் கேட்கலாம். காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவேற்றும் லிப்ரிவாக்ஸ் 2005ல் இருந்து இயங்குகிறது. குரல்களில் ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரே புத்தகத்தில் அத்தியாயத்துக்கு ஒருவர் வாசித்திருப்பார், பின்னால் யாராவது இருமுவதும் கேட்கும். ஆனால் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. பல நாடுகளில் பொது நூலக உறுப்பினர்கள் லிபி போன்ற செயலிகள் வழியாக ஆடியோ புத்தகத்தை இரவல் எடுக்கலாம். உங்கள் நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய ஆடியோ புத்தகத்தை என் தங்கைக்கு அனுப்ப முடியவில்லை. வாங்கியது நான்தானே?

பதில்: நீங்கள் வாங்கியது புத்தகத்தை அல்ல, அதைக் கேட்கும் உரிமத்தை. பெரும்பாலான கடைகளில் நிலைமை இதுதான்.

அச்சுப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் தங்கையிடம் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பேத்திக்கு விட்டுப் போகலாம். (இரவல் போன புத்தகம் திரும்பி வருவதில்லை என்பது வேறு கதை.) ஆடியோ கோப்புக்கு டிஆர்எம் என்று ஒரு பூட்டுப் போட்டிருப்பார்கள். உங்கள் கணக்கில் நுழைந்த கருவியில் மட்டும்தான் அது ஓடும். விற்க முடியாது. இரவல் கொடுப்பதும் அநேகமாக முடியாது. சில நிறுவனங்கள் ஒரே வீட்டில் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளக் குடும்பக் கணக்கு வசதி தருகின்றன. தங்கை உங்களோடு இருக்கிறார் என்றால் அதைப் பாருங்கள்.

கடையை மூடிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2019ல் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய புத்தகங்கள் வாசகர்களின் கருவிகளில் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அது உண்மை. ஆனால் பாதியில் இருந்த புத்தகம் பாதியிலேயே போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இப்படி நடக்கும். ‘வாங்குங்கள்’ என்று பொத்தானில் எழுதிவிட்டு உரிமத்தை விற்பது சரியில்லை என்று கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரி முதல் அங்கே, இது உரிமம் மட்டுமே என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பூட்டில்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். லிப்ரோ டாட் எஃப்எம் அப்படி ஒன்று. சில பதிப்பகங்கள் தங்கள் இணையதளத்திலேயே எம்பி3 அல்லது எம்4பி கோப்பாகத் தருகின்றன. எம்4பி என்றால் அத்தியாயப் பிரிப்பு கோப்போடு வரும், விட்ட இடத்தை ஓட்டும் செயலி பெரும்பாலும் நினைவில் வைத்துக்கொள்ளும். வாங்கும் பக்கத்தில் ‘டிஆர்எம் இல்லை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டவுன்லோடு செய்து ஒரு பிரதியை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். இப்படிப்பட்ட கோப்பை ஊருக்கெல்லாம் அனுப்பினால் காப்புரிமை மீறல்தான். பூட்டு இல்லை என்பதற்காக அந்த விதி மாறாது.

என் வழக்கம் என்னவென்றால், ஒரு தடவை கேட்டுவிட்டு விடப்போகும் புத்தகத்துக்கு உரிமம் போதும் என்று விட்டுவிடுவேன். வீட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றும் புத்தகத்தை அச்சில்தான் வாங்குவேன்.

கேள்வி: ஃபோனில் இடம் குறைவு. ஒரு புத்தகம் எவ்வளவு அடைக்கும்?

பதில்: பேச்சுக் குரலுக்கு 64 கேபிபிஎஸ் தரம் தாராளம். அந்தத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி, 10 மணி நேர நாவலுக்கு 290 எம்பி. கேட்டு முடித்ததும் ஃபோனில் இருந்து அழித்துவிடுங்கள். கணக்கில் அது இருக்கும், மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. ஓயாமல் படித்துக்கொண்டிருந்தவர், இப்போது எழுத்து மங்குகிறது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். ஆடியோ புத்தகம் வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். ஸ்மார்ட்ஃபோன் அவருக்குப் பிடிபடவில்லை. என்ன வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்கும் முன் அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மங்கலுக்குக் கண்புரை காரணம் என்றால் அறுவை சிகிச்சையில் சரியாகிவிடலாம். அப்படியானால் அவருக்கு வேண்டியது பழைய புத்தக அலமாரிதான். கண்ணாடியின் பவர் மாறியிருந்தாலும் இதே கதை. எழுத்து சின்னதாக இருப்பதுதான் சிக்கல் என்றால் 16, 18 புள்ளி அளவில் அச்சிட்ட பெரிய எழுத்துப் பதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். மின்புத்தகக் கருவியில் எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். படிப்பதில் ருசி கண்டவரிடம் ‘இனிமேல் கேளுங்கள்’ என்று சொல்வது கடைசி வழியாக இருக்கட்டும்.

பார்வை திரும்ப வழியில்லை என்றால் ஆடியோ புத்தகம் அவருக்காகவே பிறந்த பொருள். உண்மையாகவே அப்படித்தான். 1877ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசன், பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகத்தை அதன் பயன்களில் ஒன்றாகச் சொன்னார். 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோருக்காக இசைத்தட்டில் ‘பேசும் புத்தகங்கள்’ வந்தன. அமெரிக்கத் தட்டில் ஒரு பக்கம் கால் மணி நேரம்தான் ஓடும். ஒரு நாவல் என்றால் ஒரு கட்டுத் தட்டு தபாலில் வரும். இன்று நாம் காதில் மாட்டிக்கொண்டு நடப்பது அதன் வாரிசுதான்.

அதனால் கடைக்கு ஓடும் முன், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான நூலகம் அல்லது அமைப்பு உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மராக்கேஷ் ஒப்பந்தம் என்று ஒன்று 2013ல் கையெழுத்தாகி 2016ல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகளில், அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக ஒரு நூலைக் கேட்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. அப்படி மாற்றியதை நாடு விட்டு நாடு அனுப்பவும் செய்யலாம். கடையில் இல்லாத எத்தனையோ நூல்கள் இந்த அமைப்புகளிடம் இருக்கும், பெரும்பாலும் இலவசமாக. பெரும்பாலும் டெய்ஸி என்ற வடிவத்தில் இருக்கும். அதில் அத்தியாயம், பக்கம் என்று தேடிப் போகலாம்.

கருவி வாங்கும்போது திரையைப் பார்க்காதீர்கள், பொத்தானைப் பாருங்கள். கையால் தடவினால் இது ‘ஓட்டு’, இது ‘நிறுத்து’ என்று தெரிய வேண்டும். பொத்தான் பெரிதாக, ஒன்றுக்கொன்று வேறு வடிவத்தில் இருக்க வேண்டும். அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் விட்ட இடத்திலேயே தொடர வேண்டும். கடையில் நிற்கும்போதே அணைத்துப் போட்டுப் பாருங்கள். பாட்டுக்காகச் செய்த பல மலிவான எம்பி3 பெட்டிகள் இந்த ஒரு விஷயத்தில் காலை வாரிவிடும். 12 மணி நேரக் கோப்பில் விட்ட இடத்தைத் தேடுவது அம்மாவுக்கு மட்டும் இல்லை, யாருக்குமே நடக்காத காரியம். டெய்ஸி வடிவத்தை ஓட்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் புத்தகமாக அவர் முன்பே படித்து ரசித்த ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். கதை தெரியும் என்பதால் குரலுக்குப் பழகச் சுலபமாக இருக்கும்.

கேள்வி: தேர்வுக்குப் படிக்கிறேன். பாடநூலை ஆடியோவாக வாங்கி, போகும்போதும் வரும்போதும் கேட்டால் நேரம் மிச்சம்தானே?

பதில்: மிச்சமாகாது. பாடநூல் முழுக்கத் திரும்பிப் போக வேண்டிய புத்தகம். கோடு போட வேண்டும், படம் பார்க்க வேண்டும், முந்தைய பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். 2010ல் வந்த ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவுக்கு ஒரு கட்டுரையை அச்சில் கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு அதையே ஒலிப்பதிவாகக் கொடுத்தார்கள். பிறகு வைத்த தேர்வில் கேட்டவர்கள் தெளிவாகப் பின்தங்கினார்கள். அச்சில் ஒருமுறை படித்த பாடத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், அது பலன் தரும். அதற்கும் காசு கொடுக்க வேண்டாம். நீங்களே உரக்கப் படித்து ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது மனம் அலைவது குறைவு என்று முதல் பதிலில் சொன்னேனே, அந்த லாபமும் சேர்ந்து கிடைக்கும்.

கேள்வி: நண்பர் ஒருவர் எல்லாப் புத்தகத்தையும் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டு மாதம் எட்டுப் புத்தகம் முடிக்கிறார். நானும் பழகலாமா?

பதில்: பழகலாம். வகுப்பு விரிவுரைக் காணொளிகளை வைத்து 2021ல் செய்த ஓர் ஆய்வில், இரண்டு மடங்கு வரை வேகம் கூட்டினாலும் புரிதலில் பெரிய இழப்பு இல்லை, அதற்கு மேல் போனால்தான் சரிவு என்று தெரிந்தது. தகவல் புத்தகம், சுயமுன்னேற்றப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். (சுயமுன்னேற்றப் புத்தகங்களில் சொன்னதையே திரும்பச் சொல்வதால் இன்னும் வேகமாக ஓட்டினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.) நாவலுக்கு வேண்டாம். நல்ல வாசிப்பாளர் ஒரு வரிக்கு அப்புறம் ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த நிறுத்தத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். வாசிப்பவர் மிக மெதுவாக இருந்தால் 1.25 வைத்துக்கொள்ளுங்கள். அதில் இயல்பு கெடாது.

கேள்வி: சமீபத்தில் வாங்கிய ஆடியோ புத்தகத்தைக் கணினிக் குரல் வாசிக்கிறது. முதலில் தெரியவில்லை, போகப் போகத்தான் சந்தேகம் வந்தது. முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் விவரப் பக்கத்தைப் பாருங்கள். வாசித்தவர் பெயர் என்ற இடத்தில் ஆள் பெயர் இருக்கிறதா? ‘மெய்நிகர் குரல்’, ‘ஏஐ குரல்’ என்று சில கடைகள் வெளிப்படையாகவே போடுகின்றன. பெயரே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது சாம்பிள். பெரும்பாலான கடைகளில் சில நிமிடம் இலவசமாகக் கேட்க விடுவார்கள். அதை இயர்போன் போட்டு முழுதாகக் கேளுங்கள். இப்போதைய கணினிக் குரல்கள் விவரிப்புப் பகுதியை நன்றாகவே சமாளிக்கும். உரையாடல் வரும் இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். இரண்டு பேர் சண்டை போடும்போது இருவருமே ஒரே நிதானத்தில் பேசினால், கேலியும் கோபமும் ஒரே சுருதியில் வந்தால், விஷயம் தெரிந்துவிடும். தமிழில் இன்னும் சுலபம். நம் க, ச, ட, த, ப எழுத்துகளுக்கு இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும், எழுத்தில் அது தெரியாது. நடிகர் முகத்தில் ‘பாவம்’ காட்டினார் என்ற வரியை, அவர் ஏதோ பாவம் செய்துவிட்டதுபோல இயந்திரம் வாசித்துவிடும். ஆண்டு, பணத்தொகை, சுருக்கப் பெயர் வரும் இடங்களிலும் தடுமாறும். பேச்சு வழக்கில் எழுதிய நாவல் என்றால் கேட்கவே வேண்டாம்.

கணினிக் குரல் கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆள் வைத்து வாசித்துப் பதிவு செய்யச் செலவு அதிகம். ஒருபோதும் ஆடியோவாக வந்திருக்காத புத்தகங்கள் இப்போது வருகின்றன என்றால் அதற்குக் காரணம் இந்தக் குரல்தான். ஆனால் அந்தச் சிக்கனம் விலையிலும் தெரிய வேண்டும். மனிதக் குரலுக்கான விலையை இயந்திரக் குரலுக்கு வாங்கினால், அதுவும் சொல்லாமல் வாங்கினால், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கொஞ்ச நேரம் மட்டும் கேட்டிருந்தால் திருப்பித் தரும் கடைகள் உண்டு. பாதிக்கு மேல் கேட்டுவிட்டுப் போனால் பேச்சு எடுபடாது.

கேள்வி: எட்டு வயது மகன் ஆடியோ கதைகளை நாள் முழுக்கக் கேட்பான். புத்தகத்தைக் கொடுத்தால் ஓடிவிடுகிறான். ஆடியோவை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். படிப்பது என்பதில் இரண்டு வேலை இருக்கிறது: எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குவது, சொல்லைப் புரிந்துகொள்வது. ஆடியோ இரண்டாவதை வளர்க்கும். சொல்வளம், வாக்கிய அமைப்பு, கதை போகும் போக்கு எல்லாம் காதுவழி ஏறும். முதல் வேலையை அது தொடாது. அதற்கு எழுத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். எட்டு வயதில் குழந்தை கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவு, தானே படித்துப் புரிந்துகொள்ளும் அளவைவிட நிறைய மேலே இருப்பது இயல்பு. அவன் கேட்பது சுவாரசியமான பெரிய கதை. படிக்கக் கொடுப்பது ‘இது பந்து, அது பூனை’ ரகம் என்றால் ஓடாமல் என்ன செய்வான்?

அவனுக்குப் பிடித்த ஆடியோ கதை எதுவோ, அதன் அச்சுப் பிரதியை வாங்குங்கள். ஒன்று போதும். கேட்டுக்கொண்டே விரலால் வரியைத் தொடரட்டும். பிறகு கதையின் முக்கியமான இடத்தில் ஆடியோவை நிறுத்திவிட்டு, நீங்கள் சமையலறைக்குப் போய்விடுங்கள். இத்தனைக்கும் பிறகும் எழுத்துக் கூட்டவே சிரமப்படுகிறான் என்றால் சோம்பல் என்று திட்டாமல் ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். கண்பார்வையோ டிஸ்லெக்சியாவோ காரணமாக இருக்கலாம்.

கேள்வி: தினமும் இரண்டு மூன்று மணி நேரம் இயர்போனில் கேட்கிறேன். காதுக்குக் கெடுதலா?

பதில்: நேரத்தைவிடச் சத்தம்தான் முக்கியம். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்கு ஏறினால் அது வெறும் 4 மணி நேரம். ஃபோனின் ஒலியை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். வாசிப்புக் குரல் இசையைப்போல் அதிராது என்பதால் அமைதியான அறையில் அதற்கு முன்பே போதும் என்றிருக்கும். பஸ்சிலும் ரயிலிலும்தான் நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பயணத்தில் கேட்பவராக இருந்தால் இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போனுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. ரோட்டில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதைப் போடாதீர்கள்.

கேள்வி: படுக்கையில் கேட்டால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன். காலையில் பார்த்தால் கதை எங்கோ போயிருக்கிறது.

பதில்: செயலியில் குறித்த நேரத்தில் ஒலியைத் தானாக நிறுத்தும் ஸ்லீப் டைமரைப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். புதுப் புத்தகத்தை வேறு வேளைக்கு மாற்றிவிட்டு, படுக்கைக்கு ஏற்கெனவே கேட்டதையே போடுங்கள்.

கேள்வி: ஒரே புத்தகத்தை அச்சிலும் ஆடியோவிலும் வாங்குவது பைத்தியக்காரத்தனமா?

பதில்: ஒரே நாளில் இரண்டையும் வாங்கினால் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இரண்டு மடங்கு மனதில் நிற்கும் என்று விளம்பரம் வரலாம். 2016ல் ஓர் ஆய்வில் படித்தவர்கள், கேட்டவர்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்கள் என்று மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். உடனே கேட்டபோதும் சரி, இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் சரி, மூன்று குழுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. மொழியை இப்போதுதான் கற்றுக்கொள்பவருக்குக் கதை வேறு. உச்சரிப்பும் எழுத்தும் சேர்ந்து வருவது அவருக்கு உதவும்.

மின்புத்தகமும் ஆடியோவும் சேர்த்து வாங்கினால், காரில் கேட்டு நிறுத்திய இடத்தில் இருந்து வீட்டில் படிக்கத் தொடங்கும் வசதியை அமேசான் 2012லேயே கொண்டுவந்தது. மின்புத்தகம் வாங்கிய பிறகு ஆடியோவின் விலை குறைந்து காட்டும் சமயங்களும் உண்டு, வாங்கும் முன் இரண்டு வரிசையிலும் போட்டுப் பாருங்கள்.

அச்சு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் ஆடியோவைக் கேளுங்கள். கேட்கும்போது திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றும் இடங்களில் செயலியிலேயே புக்மார்க் போடுங்கள். முடித்துவிட்டு அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்றுதான் இருக்கிறது என்றால் ஆடியோவே போதும். விரலை இழுத்து இழுத்துப் பார்க்கும் அளவுக்கு நீண்டிருந்தால் அச்சுப் பிரதியை வாங்கிவிடுங்கள். கெட்டி அட்டைப் பதிப்பு இருந்தால் அதையே வாங்குங்கள்.